மறுகுற்றமும் மாறாத் தண்டனையும்

தஞ்சைச் சீமையைச் சேர்ந்த பண்டிதர் ஒருவர் மைசூர் அரசாங்கத்தின் கீழ்த்திசைச் சுவடி நிலையத்துக்குக் கொடுத்துச் சென்ற ஓலைச்சுவடிக் கட்டு ஒன்றில், பல நூற்றாண்டுகளாக மறைந்துவிட்டதென்று அறிஞர்கள் கருதியிருந்த கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் இருப்பதை 1905-ஆம் ஆண்டில் சாமசாஸ்திரியார் கண்டறிந்து, 1909-இல் அதை அச்சேற்றி உலகுக்கு அளித்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. அந்நூலின் நான்காம் அதிகரணத்தில், ஜனக்கூட்டத்தில் புகுந்து பணமுடிச்சு அவிழ்க்கும் திருடனுக்கு விதிக்கவேண்டிய தண்டனைகள் படிப்படியாக அடுக்கப்பட்டிருப்பதை மட்டும் அவ்வளவு பேர் கவனித்ததில்லை. முதல் தடவை அகப்பட்டால் விரல் சேதம், இல்லையேல் 54 பணம் அபராதம்; இரண்டாம் தடவை அதனினும் கடுமையான சேதம், இல்லையேல் 100 பணம்; மூன்றாம் தடவை வலக்கை போகும், இல்லையேல் 400 பணம்; நான்காம் தடவைக்கு அபராதம் என்ற பேச்சே கிடையாது, மரணந்தான். மனுஸ்மிருதியும் ஏறக்குறைய இதே ஏணியை மூன்றே படிகளில் சொல்லி முடிக்கிறது. கலிபோர்னியாவில் 1994-இல் பிறந்ததாக உலகம் பேசிக்கொள்ளும் ‘மூன்றாம் முறை’ச் சட்டத்தின் மூதாதையை நம் நாட்டுச் சுவடிகளிலேயே காணலாம் என்பதும், முதல் மூன்று படிகளிலும் பணம் படைத்தவன் அங்கம் இழக்காமல் தப்பிக்கொள்ள வழி இருந்தது என்பதும் ஒருங்கே நினைவிற்கொள்ளத் தக்கவை.

ஆனால் அதே அத்தியாயம் முடியுமிடத்தில், தண்டனையை நிர்ணயிக்கும் அதிகாரி குற்றவாளியின் நிலை, குற்றத்தின் தன்மை, அதற்கு ஏதுவான காரணம், அதன் கனம், முன்பின் தொடர்ச்சி, இடம், காலம் ஆகிய அனைத்தையும் சீர்தூக்கிப் பார்த்தே உயர்ந்த தண்டனை, இடைப்பட்டது, தாழ்ந்தது என்று வகுக்கவேண்டும் என்றும் கௌடில்யர் விதிக்கிறார். ஏணியும் தராசும் ஒரே அத்தியாயத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. மறுபடி குற்றம் செய்தவனுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே அளந்து வைத்துவிடுவதா, அல்லது எதிரே நிற்கும் மனிதனைப் பார்த்து அளப்பதா என்ற கேள்வி அன்று தீரவில்லை, இன்றும் தீரவில்லை. இக்கட்டுரையில் நான் நிலைநாட்ட விரும்புவது ஒன்றுதான்: கட்டாயத் தண்டனைச் சட்டம் நியாயாதிபதியின் விவேகத்தை ஒழிப்பதாகச் சொல்லிக்கொண்டு, உண்மையில் அந்த விவேகத்தை, காரணம் எழுதவேண்டிய பகிரங்க ஸ்தானத்திலிருந்து, காரணம் எழுதவேண்டாத மறைவிடங்களுக்கு மாற்றிவிடுகிறது. போலீஸ் நிலையத்தில் எந்தப் பிரிவை எழுதுவது, பிராசிக்யூஷன் தரப்பில் எந்தப் பழைய தண்டனையை எடுத்துக் காட்டுவது என்று தீர்மானிக்கிறவர்களே அதன்பின் தண்டனையை அளப்பவர்கள் ஆகிவிடுகிறார்கள்.

மெக்காலேயின் முதல் நகலிலிருந்து வளர்ந்து, 1860-இல் சட்டமாகி, 1862 ஜனவரி முதல் தேதியில் அமலுக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் இவ்விஷயத்தில் நடுவழியையே பற்றிற்று. அதன் 75-ஆம் பிரிவு, நாணயங்களையும் அரசாங்க முத்திரைகளையும் பற்றிய அத்தியாயத்திலோ, சொத்தைப் பற்றிய அத்தியாயத்திலோ அடங்கிய, மூன்றாண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனைக்குரிய குற்றம் ஒன்றுக்காக ஒருமுறை தண்டிக்கப்பட்டவன், மறுபடி அதே தரத்துக் குற்றத்தைச் செய்தால் அவனுக்கு ஆயுள் தண்டனையோ பத்தாண்டு வரை சிறையோ விதிக்கலாம் என்று கூறியது. விதிக்கலாமேயன்றி விதித்தே தீரவேண்டும் என்று நிர்ப்பந்திக்கவில்லை. உச்ச வரம்பு உயர்ந்ததே தவிரக் கீழ் வரம்பு எழவில்லை. அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் தேதியில் அமலுக்கு வந்த பாரதீய நியாய சம்ஹிதையின் 13-ஆம் பிரிவும் இதே வாசகத்தைப் பெரும்பாலும் அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இப்பிரிவு நடைமுறையில் எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நலம். மைசூரிலாகட்டும் மதுரையிலாகட்டும், ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் திருட்டு வழக்கு நடக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவன் பழைய தண்டனை பெற்றவன் என்பது குற்றச்சாட்டுப் பத்திரத்தில் தேதி, இடம், கோர்ட்டின் பெயர் முதலியவற்றோடு எழுதப்பட்டிருக்கவேண்டும். ஆயினும் அந்த வரியை அவனுக்கு வாசித்துக் காட்டலாகாது, அதைப்பற்றி அவனைக் கேட்கலாகாது, அரசாங்க வக்கீல் அதைத் தம் வாயால் பிரஸ்தாபிக்கவும் ஆகாது. முதலில் இப்போதைய திருட்டு ருசுவாகி, அவன் குற்றவாளியே என்று தீர்ப்புச் சொல்லப்படவேண்டும். அதற்குப் பின்புதான் பழைய கதை சபைக்கு வரும். ‘முன்பு திருடியவன், ஆகையால் இதையும் இவனே திருடியிருப்பான்’ என்று மனம் தானாகவே ஓடும் பள்ளத்தை அடைப்பதற்காகப் போட்ட கரை இது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இதைவிட மனிதத் தன்மை வாய்ந்த ஏற்பாடுகள் அதிகம் இல்லை என்றே நான் கருதுகிறேன்.

பிறகு அவன் பழைய தண்டனையை மறுத்தால், முந்தைய கோர்ட்டின் சான்று பெற்ற நகலையோ, சிறைச்சாலை அதிகாரியின் சான்றையோ காட்டுவது மட்டும் போதாது. அந்தக் காகிதத்தில் உள்ள மனிதனும் இந்தக் கூண்டில் நிற்கும் மனிதனும் ஒருவரே என்பதையும் நிரூபிக்கவேண்டும். இன்னொரு நுட்பமும் உண்டு. முதல் தண்டனை வழங்கப்பட்ட பிறகு இரண்டாம் குற்றம் நிகழ்ந்திருந்தாலே இந்தக் கணக்குச் செல்லும். ஒரே மாதத்தில் மூன்று வீடு புகுந்தவன்மேல் மூன்று வழக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக முடிந்தால், அவன் மூன்று முறை தண்டிக்கப்பட்டவன் ஆவானேயன்றி, தண்டனையின் பாடத்தைக் கேட்டும் திருந்தாதவன் ஆகமாட்டான். எச்சரிக்கையை உதாசீனம் செய்தவனுக்கே அதிகத் தண்டனை என்பதுதான் இச்சட்டத்தின் அஸ்திவாரம்.

பெயரையும் ஊரையும் மாற்றிக்கொண்டு திரியும் பழைய குற்றவாளியை அடையாளம் காண்பது அக்காலத்துப் போலீசாருக்குப் பெரும் பிரயாசையாக இருந்தது. 1897-இல் கல்கத்தாவில் ஏற்பட்டதும், உலகிலேயே முதலாவது என்று சொல்லப்படுவதுமான கைரேகைக் காரியாலயம், பிரதானமாக இந்தத் தேவையினின்றே தோன்றியது. எட்வர்டு ஹென்றி என்ற அதிகாரியின் பெயரால் உலகெங்கும் வழங்கும் கைரேகைப் பாகுபாட்டை உருவாக்குவதில் அஜீஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்களின் உழைப்பு பெரும்பங்கு வகித்தது. கொலைகாரனைப் பிடிக்கும் கருவி என்று துப்பறியும் கதைகள் நமக்குக் காட்டும் கைரேகை, மறுமுறை திருடினவனின் தண்டனையைக் கூட்டுவதற்காகவே நம் நாட்டில் முதன்முதலில் பெருவாரியாகத் திரட்டப்பட்டது.

இந்தத் தனிமனிதக் கணக்கோடு அன்றைய அரசாங்கம் நின்றிருந்தால் குறை சொல்ல அதிகம் இராது. நிற்கவில்லை. 1871-இல் வட இந்தியாவில் தொடங்கி, 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் பரவிய குற்றப் பரம்பரைச் சட்டம், பிறப்பையே குற்றத்தின் அடையாளமாக்கிற்று. அச்சட்டத்தின் 1911-ஆம் ஆண்டு வடிவத்திலுள்ள 23-ஆம் பிரிவைப் பற்றி நம் சரித்திர நூல்கள் போதிய அளவு பேசவில்லை. ‘குற்றப் பரம்பரை’ எனப் பதிவான வகுப்பைச் சேர்ந்த ஒருவன், அட்டவணையில் கண்ட குற்றங்களுள் ஒன்றுக்காக இரண்டாம் முறை தண்டிக்கப்பட்டால் ஏழாண்டுக்குக் குறையாத சிறை. மூன்றாம் முறையானால் ஆயுள்பரியந்தம் தீவாந்தர சிட்சை. வேறு வகுப்பில் பிறந்த திருடனுக்கு 75-ஆம் பிரிவின்கீழ் நியாயாதிபதியின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது எதுவோ, அது இவனுக்கு விதியாயிற்று. இருவரும் செய்தது ஒரே குற்றந்தான் என்றாலும், ஒருவன் ஓரிரு ஆண்டில் வீடு திரும்பலாம். மற்றவனுக்குக் கடல் கடந்த தீவு. மதுரைப் பக்கத்துக் கள்ளர்களும், குறவர்களும், இன்னும் பல நாடோடி வகுப்பினரும் இந்தச் சட்டத்தின் கீழ்ப் பட்ட துன்பம் தமிழர் மறக்கத்தக்கதன்று; 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மறுத்து எதிர்த்து நின்றவர்கள்மேல் நடந்த துப்பாக்கிப் பிரயோகம் அதன் ஒரு பக்கந்தான். இன்றைய கருநாடகத்து ஹுப்பள்ளியிலும் இத்தகைய வகுப்பினரைக் குடும்பத்தோடு அடைத்துவைத்த குடியேற்றம் ஒன்று இருந்தது.

ஆனாலும் அந்தக் கொடுஞ்சட்டத்துக்குள்ளேகூட ஒரு சிறு வாசல் திறந்திருந்தது: விசேஷ காரணங்கள் இருப்பின் அவற்றைத் தீர்ப்பில் எழுதிவிட்டு நியாயாதிபதி அந்த அளவினின்றும் விலகலாம். அடிமை நாட்டின் அச்சட்டம் நியாயாதிபதிக்கு விட்டுவைத்த அந்த வாசலைச் சுதந்திர நாட்டின் பல சட்டங்கள் விட்டுவைக்கவில்லை என்பதை எண்ணும்போது எனக்கு உண்மையாகவே வேதனை உண்டாகிறது.

எம். அனந்தசயனம் ஐயங்கார் தலைமையில் அமைந்த விசாரணைக் குழுவின் சிபாரிசுக்குப் பின், 1952 ஆகஸ்ட் 31-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் நீங்கியது. ஆயினும் வாடிக்கைக் குற்றவாளிகளைப் பற்றிய சட்டங்கள் மாகாணம்தோறும் அதன் இடத்தில் வந்து அமர்ந்தன. சென்னையில் 1948-லேயே ஒன்று இருந்தது; அக்காலத்தில் மைசூர் ராஜ்யம் என்றே பெயர் கொண்டிருந்த இன்றைய கருநாடகம் 1961-இல் ஒன்றை இயற்றிற்று. பிறப்பைப் பாராமல் தண்டனைகளின் எண்ணிக்கையைப் பார்ப்பது என்ற அளவில் இவை முன்னேற்றமே. ஆனால் பழைய பட்டியலில் இருந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே புதிய பட்டியலிலும் போலீசாரின் கண்ணுக்கு முதலில் பட்டார்கள் என்பதை எவரும் மறுக்கமுடியாது. 2024 அக்டோபர் 3-ஆம் தேதி, சிறைச்சாலைகளில் சாதியின்பேரில் வேலை பங்கிடுவதையும் கைதிகளைப் பிரிப்பதையும் செல்லாதென்று தீர்ப்பளித்தபோது, சிறை விதிநூல்களில் ‘வாடிக்கைக் குற்றவாளி’ என்ற வகுப்பு இந்த மக்கள்மேல் பாரபட்சமாகப் பிரயோகிக்கப்பட்டு வந்ததைச் சுப்ரீம் கோர்ட்டு விஸ்தாரமாக எடுத்துரைத்தது.

கட்டாயத் தண்டனையின் உச்சம் எதுவெனில், ஆயுள் தண்டனை அநுபவிக்கும் ஒருவன் கொலை செய்தால் அவனுக்கு மரண தண்டனை தவிர வேறு கிடையாது என்று சொன்ன, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 303-ஆம் பிரிவு. சிறைக் காவலர்களின் உயிரைப் பாதுகாக்கும் நோக்கம் அதற்குச் சொல்லப்பட்டது. 1983-இல் மித்து என்பவரின் வழக்கில், தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையில், தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏ. வரதராஜன் உள்ளிட்ட ஐவர் அமர்ந்த சுப்ரீம் கோர்ட்டு அமர்வு அப்பிரிவைச் செல்லாததாக்கிற்று. ஆயுள் கைதி என்ற காரணத்தாலேயே ஒருவன் செய்த கொலை மற்றவன் செய்த கொலையினும் கொடியதாகிவிடாது. சிறை வாழ்க்கையின் நெருக்கடியே சில வேளைகளில் கையை ஓங்கச் செய்யலாம். பரோலில் வெளிவந்தவன் தாங்கமுடியாத கோபமூட்டலுக்கு ஆளாகியிருக்கலாம். இவற்றில் எதையும் கேட்கக்கூடாதென்று சட்டமே நியாயாதிபதியின் காதைப் பொத்துமானால், தண்டனைக்கு முன் குற்றவாளியைக் கேட்கவேண்டும் என்று 1973-ஆம் ஆண்டு நடைமுறைச் சட்டம் அளித்த உரிமைக்கு அர்த்தம் என்ன என்பதே அத்தீர்ப்பின் சாரம். 2012-இல் ஆயுதச் சட்டத்திலிருந்த ஒரு கட்டாய மரண தண்டனையும் இதே வழியில் சென்றது. போதைப்பொருள் சட்டத்தில் மறுமுறைக் குற்றத்துக்கென்று 1989-இல் சேர்த்த கட்டாய மரண தண்டனையை, கட்டாயமன்று என்று பொருள்கொண்டு பம்பாய் உயர்நீதிமன்றம் 2011-இல் தளர்த்தியது. 2014-இல் பாராளுமன்றமும் அதை ஏற்றுச் சட்டத்தைத் திருத்தியது.

உயிரை எடுக்கும் தண்டனைக்கு இவ்வளவு கவனம் செலுத்திய நியாயஸ்தலங்கள், ஆண்டுகளை எடுக்கும் தண்டனைக்கு அதே கவனம் செலுத்தவில்லை. குறைந்தபட்சத் தண்டனை சட்டத்தில் எழுதியிருக்கும்போது அதற்குக் கீழே இறங்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை என்று 2019-இல் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது. போதைப்பொருள் வழக்கில் பத்தாண்டுக் குறைந்தபட்சத்துக்குரியவன் மறுமுறை தண்டிக்கப்பட்டால் அது பதினைந்தாண்டாகிறது. நியாயாதிபதி கூட்டலாம், குறைக்கவியலாது.

எதிர்த்தரப்பாரின் வாதத்தையும் அதற்குரிய மரியாதையோடு கேட்கவேண்டும். நியாயாதிபதிகளும் மனிதர்களே, ஒரே குற்றத்துக்கு ஒருவர் ஓராண்டும் மற்றொருவர் ஏழாண்டும் விதிப்பதைப் பார்க்கும் ஜனங்களுக்கு, தண்டனை என்பது யார் முன்னிலையில் வழக்கு வந்தது என்ற அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாகத் தோன்றுவதில் வியப்பில்லை. இந்த மைசூரே அதற்கு ஒரு பெரிய உதாரணம் தந்திருக்கிறது. 1993 ஏப்ரல் 9-ஆம் தேதி மாதேசுவரன் மலையை அடுத்த பாலாற்றில் வீரப்பன் கூட்டத்தார் வைத்த கண்ணிவெடியில் போலீசாரும் வனத்துறையினரும் உளவாளிகளுமாக 22 பேர் மாண்ட வழக்கை மைசூரில் ‘தடா’ என்னும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த விசேஷ நீதிமன்றம் விசாரித்து, 2001-இல் நால்வருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அவர்கள் விடுதலை வேண்டிச் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றார்கள். அக்கோர்ட்டு 2004 ஜனவரியில் தண்டனையை மரணமாக உயர்த்தியது. பத்தாண்டுக்குப்பின், 2014 ஜனவரி 21-இல், கருணை மனுவைத் தீர்க்க நேர்ந்த அநியாயமான தாமதத்தைக் காரணமாகக் காட்டி, தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான அமர்வு அதை மறுபடி ஆயுளாக்கியது. அதே நால்வர், அதே வெடி, அதே சாட்சியம். தண்டனையோ மலைக்கும் மடுவுக்குமாக மாறிற்று. இதைக் கண்டவர் ‘சட்டமே அளவைச் சொல்லிவிட்டால் என்ன?’ என்று கேட்டால் அவரை அறியாதவர் என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் அம்மூன்று தீர்ப்புகளும் காரணங்களோடு எழுதப்பட்டு, எவரும் படித்து ஆட்சேபிக்கக் கிடைக்கின்றன. முரண்பாடு நமக்குப் புலப்படுவதே அதனாலன்றோ! கட்டாயத் தண்டனையில் முரண்பாடு ஒழிவதில்லை, புலப்படாமற் போகிறது. கலிபோர்னியாவில் முன்பு வீடு புகுந்து திருடியதற்காகத் தண்டனை பெற்ற ஒருவன், ஏறக்குறைய 150 டாலர் பெறுமான ஒளிநாடாக்களை இரண்டு கடைகளில் களவாடியதற்காக, ஐம்பதாண்டுக்கு முன் வெளிவர முடியாத ஆயுள் சிறை பெற்றான். மற்றொருவன் மூன்று கோல்ஃப் மட்டைகளுக்காக 25 ஆண்டு முதல் ஆயுள் வரை பெற்றான். 2003-இல் இரண்டையும் அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டு ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் நிலைநிறுத்தியது. பழைய தண்டனை பெற்றவன் செய்த அவ்வகைத் திருட்டுகளை அக்காலத்தில் அம்மாநிலத்தில் சில்லறைக் குற்றமாகவும் வழக்காடலாம், பெருங்குற்றமாகவும் வழக்காடலாம் என்றிருந்தது. தொடக்கத்தில் அதைத் தேர்ந்துகொள்பவர் அரசாங்க வக்கீல். அவர் அவ்விதம் தேர்ந்ததற்கு நியாயாதிபதியைப்போல் நீண்டதொரு தீர்ப்பு எழுதுவதில்லை. அம்மாநிலத்து ஜனங்களே 2012-இல் வாக்களித்து அந்த ‘மூன்றாம் முறை’ச் சட்டத்தைத் தணித்தார்கள். அதே ஜனங்கள் 2024-இல் மறுமுறைச் சிறுதிருட்டுக்குத் தண்டனையை மறுபடி கூட்டினார்கள். ஆஸ்திரேலியாவின் வட பிரதேசத்தில் 1997-இல் வந்த இத்தகைய சட்டத்தின்கீழ், எழுதுகோலும் வண்ணமும் போன்ற அற்பப் பொருள்களைத் திருடியதற்காக 28 நாள் காவலில் வைக்கப்பட்ட பதினைந்து வயதுப் பழங்குடிச் சிறுவன் 2000-ஆம் ஆண்டில் காவலிலேயே உயிரிழந்தான். அடுத்த ஆண்டில் அச்சட்டம் நீக்கப்பட்டது.

நம் நாட்டுக்கு வருவோம். பாரதீய நியாய சம்ஹிதையின் 303-ஆம் பிரிவு, சாதாரணத் திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ என்று பழையபடியே கூறிவிட்டு, அப்பிரிவின்கீழ் இரண்டாம் முறையோ அதற்கு மேலோ தண்டிக்கப்படுகிறவனுக்கு ஓராண்டுக்குக் குறையாமல் ஐந்தாண்டு வரை கடுங்காவலும் அபராதமும் என்று புதிதாகச் சேர்த்திருக்கிறது. விசேஷ காரணம் எழுதி விலகும் வாசல் இதில் இல்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் திருட்டுக்குரிய பழைய 379-ஆம் பிரிவின்கீழ் பெற்ற தண்டனை ‘இப்பிரிவின்கீழ்’ பெற்றதாகுமா என்பது இனித்தான் விவாதிக்கப்படவேண்டும். வாசகத்தை உள்ளபடி படித்தால் ஆகாது என்பதே என் அபிப்பிராயம்.

இதனினும் ஆழ்ந்து பார்க்கவேண்டியது வேறு. அடுத்த பிரிவு, 304, வழிப்போகும் பெண்ணின் கழுத்துச் சங்கிலியைத் திடீரென்று பறிப்பது போன்ற பறிப்புக் குற்றத்துக்கானது. 305, குடியிருக்கும் வீட்டில் புகுந்து திருடுவது முதலியவற்றுக்கானது. திருட்டுக்குள் கனமானவை இவையே. ஜனங்கள் அஞ்சுவதும் இவற்றுக்கே. இவ்விரண்டிலும் மறுமுறைக்கான குறைந்தபட்சம் எழுதப்படவில்லை. மைசூர்த் தேவராஜா மார்க்கெட்டின் நெரிசலில் ஒருவன் இரண்டாம் முறையாக ஒரு சட்டைப்பையில் கைவிட்டுப் பிடிபட்டால் ஓராண்டுக் கடுங்காவல் தப்பாது. மோட்டார் சைக்கிளில் வந்து இரண்டாம் முறையாகத் தாலிச் சங்கிலியைப் பறித்தவனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பதின்மூன்றாம் பிரிவைக் கொண்டு அவனுக்கு அதிகம் விதிக்கலாம் என்பது உண்மை. ஆனால் அது விதிக்கலாம் என்ற வகையைச் சேர்ந்தது. ஆக, எல்லாச் சொத்துத் திருட்டுகளுள்ளும் மிக எளியதைச் செய்தவனுக்கே அளவு மாறாததாக அமைந்துவிட்டது. இதைத் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. யோசியாமல் செய்தது என்பதே அதனினும் கவலைக்குரியது. மேலும், ஒரே செயலைத் திருட்டு என்றும் பறிப்பு என்றும் எழுத இடமிருக்கும்போது, முதல் தகவல் அறிக்கையில் எண்ணை நிரப்பும் கைக்கு எவ்வளவு பெரிய அதிகாரம் வந்துவிடுகிறது என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

காட்டுக்குப் போனாலும் இதே கதைதான். மைசூர் ஜில்லாவின் ஹெக்கடதேவனகோட்டைத் தாலுக்காவை அடுத்த நாகரஹொளேயும், அதற்குத் தெற்கே பந்திப்பூரும் புலிகள் காப்பகங்கள். 2006-இல் திருத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, காப்பகத்தின் உட்பகுதியைச் சார்ந்த குற்றத்துக்கு முதல் முறையிலேயே மூன்றாண்டுக்குக் குறையாத சிறை, 50,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். மறுமுறையானால் ஏழாண்டுக்குக் குறையாத சிறை, ஐந்து லட்சத்துக்குக் குறையாத அபராதம். புலித்தோல் வியாபாரிக்கு இது மிகையன்று. அவனைப்பற்றி எனக்கு இரக்கம் இல்லை. ஆனால் உட்பகுதியைச் சார்ந்த குற்றம் என்னும் பரந்த வாசகத்துக்குள், தலைமுறை தலைமுறையாக அக்காட்டில் தேனெடுத்து வாழ்ந்து, காப்பகம் ஏற்பட்டபின் வெளியேற்றப்பட்ட ஜேனுகுருபர் என்னும் பழங்குடியினரும் அகப்பட்டுக்கொள்ளக் கூடும். குறைந்தபட்சச் சிறை விதிக்கப்பட்ட குற்றங்களைப் பணம் கட்டச்செய்து சமரசமாக முடிக்க வன அதிகாரிக்கு அதிகாரம் கிடையாது. நியாயாதிபதிக்கும் இரங்க அதிகாரம் கிடையாது. எஞ்சியிருப்பது ஒன்றே: வழக்கு எழுதலாமா, எச்சரித்து அனுப்பலாமா, எழுதினால் எந்தப் பிரிவு என்று அந்த மரத்தடியில் தீர்மானிக்கும் ரேஞ்சரின் மனம். அவர் நல்லவராயிருந்தால் ஒருவன் வீடு போய்ச் சேருகிறான். ரேஞ்சரின் நல்ல குணத்தை நம்பியிருப்பதற்குச் சட்டத்தின் ஆட்சி என்று பெயரில்லை.

அதிகத் தண்டனை பயத்தை உண்டாக்கும் என்ற நம்பிக்கை பழையது. தண்டனையின் கடுமையினும் அது தப்பாமல் வந்து சேரும் என்ற நிச்சயமே மனிதனைத் தடுக்கும் என்று இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியா 1764-லேயே எழுதிவிட்டார். அன்றன்றைப் பிழைப்புக்காகவோ போதைக்காகவோ திருடுகிறவன் சம்ஹிதையின் பிரிவுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் புறப்படுவதில்லை.

இனி வரப்போவதைப்பற்றி ஒரு வார்த்தை. அதே 303-ஆம் பிரிவில் மிகவும் நல்லதொரு ஏற்பாடும் இருக்கிறது: 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளைத் திருடி, முதல் முறையாகத் தண்டிக்கப்படுகிறவன், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், சிறைக்குப் பதிலாகச் சமுதாய சேவை செய்தால் போதும். கருணை நிறைந்த இந்த விதியே இரண்டாம் முறையின் கண்ணியாகவும் ஆகலாம். ரிமாண்டில் கிடந்து கூலி இழந்த ஏழை, சாட்சிகள் வந்து விசாரணை முடிய மாதங்கள் ஆகும் என்று அறிந்ததும், செய்தானோ செய்யவில்லையோ, குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டால் சில நாள் தெருவைக் கூட்டிவிட்டு வீடு போகலாம் என்று எண்ணுவது இயல்பு. உடனிருப்பவர்களும் அதையே சொல்வார்கள். ஆனால் சமுதாய சேவையும் தண்டனையே, அது பதிவாகிறது, அடுத்த வழக்கில் அந்தப் பதிவே நியாயாதிபதியின் கையைக் கட்டி ஓராண்டுக் கடுங்காவலுக்கு அழைத்துச் செல்கிறது. இரண்டாவதாகச் செய்த குற்றம் ஒரு வாழைத்தாராக இருந்தாலும் சரியே.

எனவே செய்யவேண்டியவை இரண்டு. விசேஷ காரணங்களைத் தீர்ப்பில் எழுதிக் குறைந்தபட்சத்துக்குக் கீழே செல்லும் உரிமையை 303-ஆம் பிரிவில் சேர்க்கவேண்டும்; 1911-ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்ததைக் கொடுக்கக் குடியரசு தயங்கலாகாது. இது பாராளுமன்றத்தின் காரியம், காலம் பிடிக்கும். மற்றது அவ்வளவு காத்திருக்க வேண்டியதன்று. முதல் வழக்கில் ஒருவன் குற்றத்தை ஒப்புக்கொள்ளுமுன், இந்த ஒப்புதல் நாளை இரண்டாம் வழக்கில் ஓராண்டுக்குக் குறையாத சிறையைத் தப்பமுடியாததாக்கும் என்பதை, கன்னடமோ தமிழோ உருதுவோ அவன் பேசும் பாஷையில், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையத்தின் வக்கீல் முன்னிலையில் மாஜிஸ்திரேட் அவனுக்கு விளக்கி, விளக்கியதையும் அவன் சொன்ன பதிலையும் வழக்குக் கட்டில் பதிவு செய்யவேண்டும். தன் கீழுள்ள கோர்ட்டுகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புவதன்மூலமே கருநாடக உயர்நீதிமன்றம் இதை நடைமுறைக்குக் கொண்டுவரலாம்.